கிருமிக்கு வந்த வண்டி

எங்கள் மாவட்ட மருத்துவமனையில் ஒரு மருந்து இருந்தது. அந்த மருந்தால் இதுவரை எந்த நோயாளிக்கும் எந்தக் கெடுதலும் நேர்ந்ததில்லை என்று ஆண்டறிக்கையில் பெருமையாகப் போட்டிருப்பார்கள். பொய்யில்லை. அது எந்த நோயாளிக்கும் போடப்பட்டதே இல்லை.

மருந்துக் கிடங்கின் உள்ளறையில், சாம்பல் நிற இரும்பு பீரோவில், இரண்டு பூட்டுகளுக்குப் பின்னால் அது இருந்தது. மற்ற எந்த ஆன்டிபயாடிக்குக்கும் அடங்காத கிருமி வந்தால் மட்டுமே எடுக்க வேண்டிய கடைசி ஆயுதம். கண்டபடி எடுத்து வீசினால் கிருமிகள் அதையும் பழகிக்கொள்ளும். ஆகவே அதைக் காக்கப் பதினோரு பேர் கொண்ட காவல் குழு ஒன்று இருந்தது. ஆறு பேர் கையெழுத்துப் போட்டால்தான் பீரோ திறக்கும். யோசித்துப் பார்த்தால் நியாயமான ஏற்பாடுதான்.

பீரோவுக்கு வெளியே இருந்த மருந்துகளுக்குக் காவல் எதுவும் கிடையாது. சந்தையில் தக்காளிக் குவியலுக்கும் காய்ந்த உசிப்பா மீனுக்கும் நடுவில் சிவப்பும் மஞ்சளுமான மாத்திரைகள் ஒன்று இரண்டாக விற்கும். இருமலுக்கு ஒன்று, வயிற்றுப்போக்குக்கு இரண்டு, கோழி தூங்கி விழுந்தால் தீவனத்தில் பாதி. மருத்துவமனை வார்டிலோ காய்ச்சலா, புண்ணா, அறுவையா, எல்லாருக்கும் ஒரே ஊசி. அதற்கு 'வழக்கமான ஊசி' என்றே பெயர் வந்துவிட்டது.

லுஃபேயோவின் மனைவி எனிஃபாவுக்கும் அதைத்தான் போட்டார்கள்.

லுஃபேயோ வாடகை சைக்கிள் ஓட்டுகிறவன். பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஊருக்குள் ஆட்களைப் பின்னால் உட்காரவைத்து மிதிப்பான். எனிஃபா அதே இடத்தில் மந்தாசி என்ற எண்ணெய்ப் பணியாரம் சுட்டு விற்பாள். தலைப்பிள்ளை வயிற்றில் குறுக்கே கிடந்ததால் அறுத்து எடுத்தார்கள். பெண் குழந்தை. நான்காம் நாள் தையல் சிவந்து, ஐந்தாம் நாள் சீழ் வைத்து, ஆறாம் நாள் பக்கத்துக் கட்டில்காரி முகத்தைத் திருப்பிக்கொள்ளும்படி வாடை வந்தது.

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று சீட்டில் எழுதியிருந்தது. கிடங்கில் இருந்தது காலைக்கு மட்டும். சனி, ஞாயிறு கிடங்குக்காரருக்கு விடுமுறை என்பதால் காலைக்கும் இல்லை.

"திங்கக்கிழமை ரெண்டா சேர்த்துப் போட்டுடலாமா சிஸ்டர்?" என்று லுஃபேயோ கேட்டான்.

நர்ஸ் மலீட்டா நாற்பத்தாறு நோயாளிகளுக்கு ஒருத்தியாக நின்றுகொண்டிருந்தாள். "தம்பி, அது ஒன்னும் விட்டுப்போன சம்பளம் இல்ல, சேர்த்து வாங்க. நீ போய் லேப்ல சொஸ்டெனியைப் பாரு. புண்ணுலேருந்து பஞ்சுல தொட்டுக் குடுத்திருக்கேன்."

சொஸ்டெனி ஆய்வகத்துக்காரன். அவனிடம் அந்த மாதம் கிருமி வளர்க்கும் தட்டுகள் ஆறே இருந்தன. அதில் ஒன்றை எனிஃபாவுக்காகச் செலவழித்திருந்தான். இரண்டு நாள் கழித்து லுஃபேயோவை ஜன்னல் ஓரம் கூப்பிட்டு அந்தத் தட்டைக் காட்டினான். அடியில் மஞ்சள் கூழ். அதன்மேல் ஆடைபோல வழவழப்பாக எதுவோ படர்ந்திருந்தது. நடுநடுவே பொட்டுப் பொட்டாக வெள்ளைக் காகிதத் துண்டுகள்.

"ஒவ்வொரு பொட்டுலயும் ஒரு மருந்து இருக்கு. மருந்து வேலை செஞ்சா பொட்டைச் சுத்திக் கிருமி வளராது, வெறும் வட்டமா தெரியும். எங்க, வட்டத்தைத் தேடு பாப்போம்."

லுஃபேயோ தேடினான். எல்லாப் பொட்டுகளையும் ஆடை மூடியிருந்தது. ஓரத்தில் ஒன்றைச் சுற்றி மட்டும் தெளிவான வட்டம்.

"இது ஒன்னுதான்."

"அது பீரோ மருந்து. வழக்கமான ஊசி இதோ இங்க இருக்கு, பாரு. அதுமேலயே ஏறி உக்காந்திருக்கு."

"ஏன் அண்ணே, மருந்துன்னா கிருமி சாகணும்ல?"

"முழுசா போட்டா சாகும். பாதி போட்டா பலவீனமானது சாகும், பலமானது மிஞ்சும். மிஞ்சினதுதான் குட்டி போடும். அப்புறம் இன்னொரு கெட்ட புத்தி இருக்கு இதுகளுக்கு. ஒன்னு தப்பிக்க வழி கண்டுபிடிச்சா, பரீட்சையில பக்கத்துப் பையனுக்கு விடையைக் காட்டுற மாதிரி, ஒட்டி இருக்கிறதுக்கெல்லாம் காட்டிக் குடுத்துடும். அது வேற சாதிக் கிருமியா இருந்தாலும் சரி. நம்ம வார்டுல எத்தனை வருஷமா இந்தப் பள்ளிக்கூடம் நடக்குதுன்னு நினைக்கிறே?"

அவன் படிவத்தை நிரப்பிக் கொடுத்தான். ஏழு பக்கம். கடைசிப் பக்கத்தில் ஆறு கையெழுத்துக்குக் கோடுகள்.

"குழுக்காரங்க எங்க இருப்பாங்க?"

"ஏரிக்கரை விடுதியில. அஞ்சு நாள் பயிலரங்கு."

"எதைப் பத்தி?"

சொஸ்டெனி தட்டை மூடினான். "எதிர்ப்புக் கிருமி வந்தா உடனடியா என்ன செய்யணும்கிறதைப் பத்தி."

போனில் சொன்னால் செல்லாது. நீல மை, நேரடிக் கையெழுத்து. விடுதி முப்பத்தெட்டு கிலோமீட்டர். எனிஃபாவின் தங்கை ஃபெலேசியிடம் குழந்தையை ஒப்படைத்துவிட்டு லுஃபேயோ சைக்கிளை எடுத்தான். பின்னால் ஆள் இல்லாமல் அவ்வளவு தூரம் மிதித்தது அதுவே முதல் தடவை. சைக்கிள் பாரமில்லாமல் துள்ளித் துள்ளிப் போனது அவனுக்குப் பிடிக்கவில்லை.

விடுதி வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த பெண் அவனுடைய வேர்த்த சட்டையையும் தூசி படிந்த காலையும் பார்த்து முகம் மலர்ந்தாள்.

"அப்பாடா, வந்துட்டீங்களா! சமூகப் பிரதிநிதி இன்னும் வரலையேன்னு தலைவர் கோவமா இருக்காரு."

"நான் கையெழுத்து வாங்க வந்தேம்மா."

"முதல்ல நீங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

அவன் போட்டான். கழுத்தில் அட்டை மாட்டினார்கள். 'மருந்தை மதிப்போம்' என்று எழுதிய பச்சை பனியனைத் தலைவழியாக நுழைத்தார்கள். முன்வரிசையில் உட்காரவைத்துத் தண்ணீர்ப் பாட்டில் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். எல்லாரும் எழுந்து நின்று, சோம்பல் போவதற்காக, கையைத் தட்டிக் காலை உதைத்து யானைபோல ஆடினார்கள். லுஃபேயோவும் ஆடினான். ஆடாவிட்டால் கையெழுத்துக் கிடைக்காதோ என்று பயமாக இருந்தது.

குழுத் தலைவர் டாக்டர் சிங்வேங்வே பேசினார். குரல் நல்ல குரல்.

"மதிப்புக்குரிய கூட்டாளிகளே! ஒரு கிருமி இருபது நிமிஷத்துல ரெண்டாகுது. நாற்பது நிமிஷத்துல நாலு. இந்த வேகத்துக்கு நாம ஈடு குடுக்கணும். அதனாலதான் நம்ம செயல்திட்டத்தோட முதல் வரைவை மூணே வருஷத்துல முடிச்சிருக்கோம்!"

கைதட்டல்.

"மருந்தைச் சிக்கனமா பயன்படுத்தணும். என்னையே உதாரணமா சொல்றேன். போன குளிர்காலத்துல எனக்குத் தொண்டை கட்டிச்சு. கடுமையான மருந்துதான் எடுத்தேன். ஆனா ரெண்டாம் நாளே குரல் திரும்பினதும் நிறுத்திட்டேன். மிச்சத்தை வீணாக்கல! இந்தக் கட்டுப்பாடு நம்ம மக்கள்கிட்ட இல்லையே!"

இன்னும் பலமான கைதட்டல். அதன் பிறகு, அறிக்கையில் 'உடனடி' என்று எழுதுவதா 'விரைவான' என்று எழுதுவதா என்று மதியம்வரை வாதம் நடந்தது. 'உடனடி' என்றால் பிற்பாடு யாராவது நாள் கணக்குக் கேட்பார்கள் என்பதால் 'உரிய காலத்தில்' என்று முடிவாயிற்று. சாப்பாட்டுக்குப் பொரித்த சம்போ மீன் போட்டார்கள். லுஃபேயோ பாதி மீனைக் காகிதத்தில் சுற்றி எனிஃபாவுக்கு என்று எடுத்து வைத்தான்.

சாப்பாட்டு மேசையிலேயே தலைவரிடம் படிவத்தை நீட்டினான்.

"ஐயா, என் பொண்டாட்டி வார்டுல கிடக்குறா. இதுல ஆறு பேர் போட்டா போதும்னாங்க."

தலைவர் படிவத்தைப் பார்க்காமல் அவன் தோளைத் தட்டினார். "அருமை! அருமை! இதை மேடையில சொல்லுங்க. ரெண்டு நிமிஷம்."

அவன் சொன்னான். எனிஃபா மந்தாசி விற்பதையும், வயிறு கல்போல் வீங்கியிருப்பதையும், பால் சுரக்கிறது ஆனால் குழந்தையைப் பிடிக்க அவளுக்குத் தெம்பில்லை என்பதையும் சொன்னான். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். படம் எடுத்தார்கள். தலைவர் எழுந்து, "இவருக்காக மூணு தட்டு!" என்றார். எல்லாரும் ஒரே தாளத்தில் மூன்று முறை கைதட்டினார்கள்.

"இப்போ கையெழுத்து, ஐயா?"

"அது நிகழ்ச்சி நிரல்ல இல்லையே. கடைசி நாள் 'பிற விஷயங்கள்'ல வரும்."

கடைசி நாளுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. லுஃபேயோ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். முன்வரிசையில், பச்சை பனியனோடு, தலைவர் காலடியில். படத்துக்கு அது நன்றாக இருக்காது என்று யாரோ சொன்னார்கள். அதன் பிறகே பேனாக்கள் வெளியே வந்தன. மாலைக்குள் ஐந்து பேர் போட்டார்கள். ஆறாவது ஆள், செயலாளர் அம்மாள், "முதல் ரெண்டு பேர் கறுப்பு மையில போட்டிருக்காங்களே" என்றாள். அந்த இருவரில் ஒருவர் படகுச் சவாரிக்குப் போயிருந்தார். மறுநாள் பத்து மணிக்குத்தான் கரைக்கு வந்தார்.

பீரோ அன்று மாலை திறந்தது. இரண்டு சாவி, இரண்டு சாட்சி. அட்டையில் நாற்பத்திரண்டு குப்பி என்று எழுதியிருந்தது. உள்ளே ஒன்பது இருந்தன.

சொஸ்டெனி பதிவேட்டைத் திருப்பினான். 'தரப் பரிசோதனைக்காக' என்று ஒவ்வொரு வரியிலும் எழுதியிருந்தது. உண்மையில் அவை போன இடங்கள்: தலைவரின் தொண்டை, ஒரு உறுப்பினர் மனைவியின் கடைவாய்ப் பல், தலைநகரிலிருந்து வந்த விருந்தாளியின் வயிறு. காவல் காத்தவர்கள்மேலேயே அந்த மருந்து இவ்வளவு பரிசோதிக்கப்பட்டிருந்தது நமக்குப் பெருமைதான். நோயாளி அல்லாதவர்கள் என்பதால் ஆண்டறிக்கையும் பொய்யாகவில்லை.

"ஒரு நாளைக்கு மூணு. ஒன்பதுன்னா மூணு நாள்," என்றான் சொஸ்டெனி. "பத்து நாளாவது வேணும்."

"மூணு நாள் போட்டுட்டு?"

சொஸ்டெனி ஒன்பது குப்பியையும் எடுத்து மேசையில் வரிசையாக வைத்தான்.

மூன்றாம் நாள் எனிஃபா எழுந்து உட்கார்ந்தாள். காய்ச்சல் இறங்கியிருந்தது. கஞ்சியில் சர்க்கரை போதவில்லை என்றாள். குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அது என்னய்யா பச்சை பனியன்? தேர்தல்ல நிக்கப் போறியா?"

"ஏரிக்கரையில குடுத்தாங்க."

"நான் இங்க சாகக் கிடந்தேன். நீ ஏரிக்கு விருந்தாடப் போயிட்டு வந்தியா?"

"மீன்கூட எடுத்துட்டு வந்தேன்டி. உனக்குத்தான் நினைவு இல்ல. கெட்டுப்போச்சுன்னு ஃபெலேசி நாய்க்குப் போட்டுட்டா."

"என்ன மீனு?"

"சம்போ."

"அடப்பாவி," என்றாள் எனிஃபா, உண்மையான துக்கத்தோடு. பிறகு இருவரும் சிரித்தார்கள். சிரித்தபோது தையல் வலித்ததால் அவள் அவன் கையைக் கிள்ளினாள். பக்கத்துக் கட்டில்காரியும் சிரித்தாள். லுஃபேயோவுக்கு அந்த ஒரு பகல் கிடைத்தது.

இன்னும் குப்பிகள் வேண்டும் என்று சொஸ்டெனி தலைநகருக்கு எழுதிய விண்ணப்பத்தில் குழுவின் ஒப்புதல் வேண்டியிருந்தது. பயிலரங்கு முடிந்து திரும்பியிருந்த செயலாளர் அம்மாள் வார்டுக்கே வந்து எனிஃபாவைப் பார்த்தாள்.

"இவங்க நல்லா இருக்காங்களே! உக்காந்து பேசுறாங்க. தேவை நிரூபிக்கப்படலையே."

"மருந்து போட்டதால நல்லா இருக்காங்க மேடம். நிறுத்தினா திரும்ப வரும்," என்றான் சொஸ்டெனி.

"வரட்டும். வந்தா தேவை நிரூபணமாகும். அப்போ எழுதுங்க."

இரண்டு நாளில் வந்தது. எனிஃபாவின் பற்கள் கிட்டித்துக் கட்டில் ஆடியது. இந்த முறை கஞ்சி வேண்டாம் என்றாள். குழந்தையைக் கொண்டுவந்தபோது, "தள்ளி வை, நான் கொதிக்கிறேன்," என்றாள்.

சொஸ்டெனி இன்னொரு தட்டைச் செலவழித்தான். அதை லுஃபேயோவிடம் காட்டவே மனம் வரவில்லை. லுஃபேயோவே போய்க் கேட்டு வாங்கிப் பார்த்தான். போன தடவை வட்டம் இருந்த ஓரத்தைத் தேடினான். பொட்டு இருந்தது. வட்டம் இல்லை. ஆடை அதன்மேல் வழவழவென்று ஏறி உட்கார்ந்திருந்தது.

"இதையும் படிச்சிடுச்சா?"

"மூணு நாள் பாடம் நடத்தினோம்ல," என்றான் சொஸ்டெனி.

விண்ணப்பத்தைச் செயலாளர் அம்மாள் திருப்பி அனுப்பினாள். தேவை இப்போது நிரூபணமாகிவிட்டது. ஆனால் அந்த மருந்து இந்தக் கிருமியைக் கொல்லாது என்பதும் நிரூபணமாகிவிட்டதால், அதைக் கேட்பது விதிப்படி வீண்செலவு.

செய்தி தலைவருக்கு எட்டியதும் மருத்துவமனையே கலகலப்பானது. பீரோ மருந்தையும் வென்ற கிருமி மாவட்டத்தில் இதுவே முதல். டாக்டர் சிங்வேங்வே ஆய்வகத்துக்கு ஓடிவந்து தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "நாற்பது வருஷ சேவையில இப்படி ஒரு கிளெப்சியெல்லாக் கிருமியைப் பார்த்ததில்லை! யாரும் தொடாதீங்க. ஜாக்கிரதை!" தலைநகருக்குத் தொலைபேசி பறந்தது. எனிஃபாவுக்காகக் கேட்டபோது மூன்று வாரமாகப் பழுதில் கிடந்ததே ஆம்புலன்ஸ், அது அப்படியேதான் கிடந்தது. கிருமிக்காக மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் தலைநகரிலிருந்து வெள்ளை நிறக் குளிர்சாதன வண்டி வந்து நின்றது.

கையுறை போட்ட இருவர் ஒரு நீலப் பெட்டியைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிப் போனார்கள். வண்டிக்குள் இரண்டு இருக்கை காலியாக இருந்ததை லுஃபேயோ பார்த்தான்.

"ஐயா, தலைநகர்ல பெரிய ஆஸ்பத்திரி இருக்குல்ல. என் பொண்டாட்டியையும் ஏத்திக்கோங்க."

"இது சாம்பிள் கொண்டுபோற வண்டிப்பா. நோயாளிக்கு அனுமதி இல்ல," என்றார் கையுறை போட்டவர்களில் ஒருவர்.

"நீங்க கொண்டுபோறது அவ உடம்புல இருக்கிறதைத்தானே? அவளையே கொண்டுபோனா அதுவும் கூடவே வந்துடும். நிறையவே இருக்கு."

வழியனுப்ப வந்திருந்த தலைவர் சிரித்தார். கோபப்படவில்லை. துக்கத்தில் இருப்பவனிடம் எப்படிப் பேச வேண்டும் என்று அவர் பயிலரங்குகளில் சொல்லிக்கொடுப்பவர். அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, கவலைப்படாதே. அங்க மைனஸ் எண்பதுல வெப்பாங்க. கரண்ட் போனா ஒரு ஜெனரேட்டர். அது நின்னா இன்னொன்னு. ராப்பகலா ஆள் போட்டுப் பாத்துப்பாங்க. நூறு வருஷம் ஆனாலும் உன் வீட்டம்மா கிருமிக்கு ஒரு குறையும் வராது."

லுஃபேயோ நன்றி சொன்னான். எங்கள் ஊரில் கையைப் பிடித்துப் பேசியவருக்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியாது. நோயாளியின் தரப்பு என்ற முறையில் அவனிடம் அந்தப் பெட்டிக்கான அனுமதித் தாளின் நகலைக் கொடுத்தார்கள். ஆறு கையெழுத்து, ஊதா முத்திரை. இந்த முறை ஆறும் கால் மணி நேரத்தில் விழுந்திருந்தன, எல்லாம் நீல மையில்.

வண்டி ஒன்பதரைக்குப் புறப்பட்டது. எனிஃபா பதினொன்றேகாலுக்கு இறந்தாள். அவள் கை லுஃபேயோவின் பனியனைப் பிடித்திருந்தது. விரல்களை நர்ஸ் மலீட்டா ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டியிருந்தது.

மதியத்துக்குமேல் எனிஃபாவின் அண்ணன்மார் லாரி பிடித்து வந்து, சவக்கிடங்கில் தாள் வாங்கி, சடலத்தை ஏற்றிக்கொண்டு வாசலுக்கு வெளியே காத்திருந்தார்கள். பெண்கள் பாடத் தொடங்கியிருந்தார்கள். அந்தக் கட்டிலை ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, புதிதாகப் பிள்ளை பெற்ற ஒருத்தியைப் படுக்கவைத்து, வழக்கமான ஊசி போட்டார்கள்.

லுஃபேயோ நடைபாதையில் நின்றான். ஃபெலேசி குழந்தையை வைத்திருந்தாள். சொஸ்டெனி வேகமாக வந்து காதோடு சொன்னான்:

"குழந்தையை இன்னும் ஒரு ராத்திரிகூட இங்க வெக்காதே. கிளம்பு."

"டிஸ்சார்ஜ் சீட்டு குடுக்கலையே. எழுதுறவர் தலைவரோட பாராட்டு விருந்துக்குப் போயிருக்காராம்."

"சீட்டு கிடக்கட்டும். போ."

"அண்ணே, இவளுக்கும் அது இருக்குமா?"

"பாக்கத் தட்டு இல்லப்பா. தீந்துபோச்சு."

லுஃபேயோ மகளை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தான். வாசலில் காவல்காரர் கோலைக் குறுக்கே நீட்டினார்.

"சீட்டு?"

"இல்லைங்க."

"சீட்டு இல்லாம உயிரோட எதுவும் வெளிய போகக் கூடாது தம்பி. உன் சம்சாரத்துக்குத் தாள் இருந்துச்சு, விட்டுட்டேன்."

லாரியின் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. லுஃபேயோ கால்சட்டைப் பையில் கையை விட்டான். அதில் ஒரே ஒரு தாள்தான் இருந்தது. அதையே நீட்டினான். காவல்காரர் ஊதா முத்திரையைப் பார்த்ததும் நிமிர்ந்து நின்றார். கையெழுத்துகளை எண்ணினார். பிறகு விரலை ஓட்டி, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"'இதில் குறிப்பிட்ட உயிரி வளாகத்தை விட்டு வெளியே செல்ல அனுமதிக்கப்படுகிறது.' ம். 'எண்ணிக்கை ஒன்று. நிலை: உயிருடன்.'" குழந்தையை எட்டிப் பார்த்தார். "உயிரோடதானே?"

லுஃபேயோ தோளில் கிடந்த முகத்தருகே காதை வைத்துக் கேட்டான்.

"உயிரோடதான்."

காவல்காரர் பதிவேட்டைத் திறந்து, பெயர் என்ற கட்டத்தில், தாளைப் பார்த்துப் பார்த்து எழுதினார்.

"கிளெப்... சியெல்லா. பொண்ணுக்கு நல்ல பேருதான். பைபிள்ல வருதா?"

"தெரியலைங்க," என்றான் லுஃபேயோ. "படிச்சவங்க வெச்சது."

காவல்காரர் கோலை உயர்த்தினார்.